கார் பார்ப்பது காருக்குள்ளேயே இருக்கட்டும்: சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் துறையின் மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கும், அமைச்சக அதிகாரிகளுக்கும், வாகனத் தரநிலைகளை வகுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

ஓட்டுநருக்குத் தூக்கம் வருகிறதா என்று கவனித்து எச்சரிக்கும் கருவி, ஆபத்து நெருங்கினால் தானாக பிரேக் பிடிக்கும் கருவி, தடம் மாறினால் சத்தம் போடும் கருவி. இந்த மூன்றையும் பேருந்துகளிலும் லாரிகளிலும் கட்டாயமாக்க உங்கள் அமைச்சகம் 2025 மார்ச்சில் வரைவு விதி வெளியிட்டது. அதை முழு மனதோடு வரவேற்கிறேன். அந்தரங்கம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பாதுகாப்புக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று ஒரு பேச்சு இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2023இல் இந்தியச் சாலைகளில் 1,72,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இரண்டும் உங்கள் அமைச்சகத்தின் கணக்குதான். சேலம், சங்ககிரிப் பக்கம் விடியற்காலையில் நெடுஞ்சாலையில் போய் வருகிறவன் நான். நேரான சாலையில், மழையோ பனியோ இல்லாத நேரத்தில், ஓரமாக நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் போய்ச் சொருகிக் கிடந்த வேனைப் பார்த்திருக்கிறேன். இமை இறங்கிய அந்த ஓரிரு வினாடியில் ஓட்டியவரை ஏதாவது ஒரு சத்தம் எழுப்பிவிட்டிருந்தால் போதும், அதில் வந்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

ஆகவே கேமரா வரட்டும். நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கேமரா பார்ப்பதை வண்டிக்குள்ளேயே பார்த்து, வண்டிக்குள்ளேயே அழித்துவிட வேண்டும். வண்டி செய்யும் நிறுவனத்துக்கோ, காப்பீட்டுக் கம்பெனிக்கோ, வேறு யாருக்கோ அது போகக் கூடாது. இந்த வரியை மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே எழுத வேண்டும். நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியோ, செயலியில் வரும் 'சம்மதிக்கிறேன்' பொத்தானை நம்பியோ இதை விட்டுவிட முடியாது.

இப்படி எழுதுவதால் பாதுகாப்பு துளியும் குறையாது. தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது உங்கள் குழுவினருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால், மீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன கேமரா இருக்கும். இருட்டிலும் முகம் தெரிவதற்காகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு இருக்கும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, பார்வை சாலையில் இருக்கிறதா மடியில் உள்ள போனில் இருக்கிறதா என்று வண்டியிலேயே உள்ள ஒரு சிப் கணக்குப் போடும். வரம்பைத் தாண்டினால் பீப் என்று சத்தம் வரும், அல்லது இருக்கை அதிரும். கேமரா இல்லாமல், ஸ்டியரிங்கை ஓட்டுநர் திருத்தும் விதத்தை வைத்தே களைப்பைக் கணிக்கும் கருவிகளும் உண்டு. எதுவானாலும், முடிவு அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே எடுத்தாக வேண்டும். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில் சிக்னல் போய்விட்டால், எங்கோ இருக்கும் சர்வரிடமிருந்து பதில் வருவதற்குள் லாரி பள்ளத்தில் கிடக்கும். ஓட்டுகிறவர் யார், பெயர் என்ன, நேற்று எங்கே போனார் என்பதெல்லாம் அந்தச் சிப்புக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கண் மூடுகிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. விடை கிடைத்த மறுவினாடி அந்தப் படத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே 2022 ஜூலை முதல் புதிய மாடல்களிலும், 2024 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய வண்டிகளிலும் களைப்பு எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அதைக் கட்டாயமாக்கிய 2019ஆம் ஆண்டின் 2144 எண் ஒழுங்குமுறையிலேயே, 6ஆவது பிரிவில், கருவிக்கு எல்லையும் போட்டுவிட்டார்கள். தன் வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறு எதையும் அது தொடர்ந்து பதிவுசெய்யவோ வைத்திருக்கவோ கூடாது. மூன்றாம் ஆளுக்கு எந்த நேரத்திலும் அந்தத் தகவல் கிடைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் உடனே அழித்துவிட வேண்டும். கருவி கட்டாயம் என்று சொன்ன அதே ஆவணம், அதே பிரிவு. விபத்து நடந்தால் தானாக உதவிக்கு அழைக்கும் கருவியை 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களில் கட்டாயமாக்கியபோதும் இப்படித்தான் செய்தார்கள்: விபத்து இல்லாத சாதாரண நேரத்தில் அது வண்டியைத் தொடர்ந்து பின்தொடரக் கூடாது என்று எழுதினார்கள். சீனாகூட 2021இல் கொண்டுவந்த வாகனத் தரவு விதிகளில், முடிந்தவரை தகவலைக் காருக்குள்ளேயே கையாள வேண்டும், ஓட்டுநர் தானாக மாற்றாதவரை சேகரிக்காத நிலையே இயல்பு நிலையாக இருக்க வேண்டும் என்ற நெறிகளை வைத்தது. கண்காணிப்புக்குப் பேர்போன நாடே இதை எழுத முடிந்திருக்கிறது என்றால் நம்மால் ஏன் முடியாது?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களில் ஆன்ஸ்டார் என்ற இணைப்புச் சேவையைக் கொடுத்தது. அதற்குள் 'ஸ்மார்ட் டிரைவர்' என்று ஒன்று. நன்றாக ஓட்டினால் மதிப்பெண் தரும் வசதி என்று சொன்னார்கள். வண்டி எப்போது கிளம்பியது, எவ்வளவு தூரம் போனது, எத்தனை முறை சட்டென்று பிரேக் பிடித்தது, எத்தனை முறை வேகமாகக் கிளப்பியது என்ற கணக்கெல்லாம் லெக்சிஸ்நெக்சிஸ், வெரிஸ்க் என்ற இரண்டு தரவு நிறுவனங்களுக்குப் போனது. அங்கிருந்து காப்பீட்டுக் கம்பெனிகளுக்குப் போனது. விபத்தே செய்யாதவர்களுக்கும் பிரீமியம் ஏறியது. ஏன் என்று விசாரித்தபோதுதான் தங்கள் காரே தங்களைப் பற்றி எழுதி அனுப்பிய நூறு பக்கத்துக்கும் மேலான அறிக்கை இருப்பது தெரிந்தது. 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியே கொண்டுவந்தது. அதே மாதம் அந்த நிறுவனங்களுக்குத் தகவல் கொடுப்பதை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை அறிவித்தபோது, சில சமயம் மூன்று வினாடிக்கு ஒரு முறைகூட இருப்பிடம் சேகரிக்கப்பட்டது என்று சொன்னது. ஓட்டுநரின் நடத்தைத் தகவலையும் இருப்பிடத்தையும் அந்த மாதிரித் தரவு நிறுவனங்களுக்கு 5 ஆண்டுகள் கொடுக்கவே கூடாது என்றது.

இதில் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது வேறு ஒரு விஷயம். பலர் அந்தச் சேவையில் சேர்ந்தது ஷோரூமில், சாவி வாங்குகிற நேரத்தில். வாடிக்கையாளரைச் சேர்த்துவிட்டால் விற்பனையாளருக்கு ஊக்கத்தொகை கிடைத்தது என்பதும் செய்தியில் வந்தது. யார், எப்போது, எதற்குச் சம்மதித்தார் என்பது காகிதத்தில் சரியாகத்தான் இருந்திருக்கும்.

இவ்வளவும் செய்து நிறுவனங்கள் சம்பாதித்தது என்ன? அமெரிக்க செனட் உறுப்பினர்கள் ரான் வைடன், எட்வர்டு மார்க்கி இருவரும் 2024 ஜூலையில் அதே ஆணையத்துக்கு எழுதிய கடிதத்தில் கணக்கு இருக்கிறது. ஹூண்டாய் 17 லட்சம் கார்களின் தகவலை வெரிஸ்க்குக்குக் கொடுத்துச் சுமார் 10.4 லட்சம் டாலர் பெற்றது. ஒரு காருக்கு 61 சென்ட். ஹோண்டா 97,000 கார்களுக்கு 25,920 டாலர். ஒரு காருக்கு 26 சென்ட். நம் பணத்தில் முதலாவது ஏறக்குறைய ஐம்பது ரூபாய், இரண்டாவது இருபது ரூபாய்க்குச் சற்று மேல். ஒருவர் எப்படி ஓட்டுகிறார் என்ற முழுக் கணக்குக்கும் கிடைத்த விலை இது. இதே ஹூண்டாய்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நம் ஊர் ஆட்களின் கையால் லட்சக்கணக்கில் கார் செய்கிறது. அங்கே நடந்தது இங்கேயும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்க முடியாதபடி இங்கே எது தடுக்கிறது என்று கேட்கிறேன்.

விற்காமல் வைத்திருந்தால் மட்டும் பத்திரமா என்றால், அதுவும் இல்லை. 2024 டிசம்பரில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி வல்லுநர் சங்கம் வெளிக்கொண்டுவந்ததைப் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்களின் தகவல் கிளவுட் சேமிப்பில் சரியான பூட்டில்லாமல் கிடந்தது. அதில் 4.6 லட்சம் கார்களுக்கு இருப்பிடமும் துல்லியமாக இருந்தது. சில பிராண்டுகளுக்கு 10 சென்டிமீட்டர் அளவுக்கு. ஹாம்பர்க் போலீஸ் வண்டிகளும் அரசியல்வாதிகளின் கார்களும் எங்கே நின்றன என்பதுகூட அதில் இருந்தது. டொயோட்டா 2023 மே மாதம், ஜப்பானில் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல் ஏறக்குறைய பத்து ஆண்டுகளாகத் திறந்து கிடந்ததை ஒப்புக்கொண்டது. டெஸ்லாவில் 2019 முதல் 2022 வரை ஊழியர்கள் சிலர், வாடிக்கையாளர் கார்களின் கேமராவில் பதிவான படங்களைத் தங்களுக்குள் அனுப்பிப் பார்த்துச் சிரித்ததை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. உடையில்லாமல் காரை நோக்கி நடந்து வந்த ஒருவரின் வீடியோவும் அதில் ஒன்று. திருடர் யாரும் உள்ளே நுழையவில்லை. உள்ளே இருந்தவர்களே செய்தது.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

2019இல் எம்ஜி ஹெக்டர் 'இன்டர்நெட் இன்சைட்' என்று எழுதிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் என்று வரிசையாக வந்தன. இன்று நடுத்தரக் குடும்பம் வாங்கும் கார்களிலேயே, உள்ளுக்குள் நாம் கழற்ற முடியாத ஒரு சிம் இருக்கிறது. செல்போன் எண்ணைப் போல 10 இலக்கம் இல்லை, இயந்திரங்களுக்கென்று ஒதுக்கிய 13 இலக்க எண். நாம் ரீசார்ஜ் செய்வது கிடையாது, பில் வருவது கிடையாது. அதனால் அது இருப்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

சம்மதம் எப்படி வாங்குகிறார்கள் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டுக் காரை எடுத்த அன்று நான் பார்த்தது இது. எந்த ஷோரூம் என்பது முக்கியமில்லை. மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு நிற்க வைத்து அட்டையில் செய்த பெரிய சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிடம்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். விற்பனைப் பிரிவுத் தம்பி என் போனை வாங்கி, செயலியை இறக்கி, வரிசையாக எதையோ அழுத்திக்கொண்டே போனார். 'சார், ஓடிபி வந்திருக்கும் பாருங்க' என்றார். சொன்னேன். 'முடிஞ்சுது சார், இனிமே வீட்ல இருந்தே ஏசி போடலாம்' என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தம்பிமேல் எந்தக் குற்றமும் இல்லை, அவருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு டெலிவரி இருந்தது. இரவு வீட்டில் உட்கார்ந்து அந்தச் செயலியின் கொள்கையைத் திறந்தேன். முழுக்க ஆங்கிலம். இருப்பிடம், வேகம், பிரேக் பிடிக்கும் விதம், குரல் கட்டளை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வோம், குழும நிறுவனங்களோடும் வணிகக் கூட்டாளிகளோடும் பகிர்ந்துகொள்வோம் என்று இருந்தது. என் அம்மாவுக்கோ, சில நாள் எங்கள் காரை எடுத்து ஓட்டும் டிரைவர் அண்ணனுக்கோ இதைப் படித்துக் காட்ட அன்று அங்கே யாரும் இல்லை.

உலகம் முழுக்க இதே கதைதான். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் பின்னால் இருக்கும் மோசில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கைகளை ஆராய்ந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை, தாங்கள் ஆராய்ந்த பொருள்களிலேயே மோசமான வகை கார்தான் என்றார்கள். 25இல் 19 பிராண்டுகள், தகவலை விற்கலாம் என்று தங்கள் கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தன.

இதற்குத்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்திருக்கிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். அந்தச் சட்டத்தில் நல்லது இருக்கிறது. அறிவிப்பையும் சம்மதக் கோரிக்கையையும் ஆங்கிலத்தில் மட்டுமின்றி அரசியலமைப்பின் 8ஆவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது, அதாவது தமிழிலும். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன. அது வரட்டும், அதற்காகக் காத்திருக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் நிற்பது சம்மதத்தின் மேல். காரின் ஓனர் ஒரு முறை சம்மதித்துவிட்டால், அந்தக் காரை ஓட்டும் மனைவி, மகன், வாடகைக்கு வந்த டிரைவர், பின்சீட்டில் உட்கார்ந்து வரும் தோழி, இவர்களில் யாரை யார் கேட்டார்கள்? இவர்கள் எல்லோருடைய பயணமும் ஒரே சிம் வழியாகத்தான் போகிறது.

அப்புறம், லாரி ஓட்டுநருக்கு அந்தச் சட்டத்தில் சம்மதம்கூடக் கிடையாது. வேலை தொடர்பான காரணங்களுக்காகவும், முதலாளியை நட்டத்திலிருந்து காப்பதற்காகவும் ஊழியரின் தகவலைச் சம்மதம் இல்லாமலே கையாளலாம் என்று 7ஆவது பிரிவு சொல்கிறது. தரவுச் சட்டத்தை எழுதியவர்கள் அலுவலக ஊழியரை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அது வந்து விழுவது கேபினில் வாழ்கிறவர் தலையில்.

வாழ்கிறவர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் சங்ககிரிப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் லாரித் தொழிலில் இருப்பார்கள். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். அவ்வளவு நாளும் அந்த கேபின்தான் வீடு. அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் லுங்கி மாற்றுவது, இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில்தான் தூக்கம், இரவு மனைவியோடும் பிள்ளையோடும் வீடியோ காலில் பேசுவதும் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் வண்டியில், உரிமையாளர் வெளியே வாங்கிய கேமரா ஒன்றைக் கண்ணாடியில் பொருத்தினார்கள். ஒரு பக்கம் சாலையைப் பார்க்கும், மறு பக்கம் அவரைப் பார்க்கும். படம் நேரே ஆபீசுக்குப் போகும். வண்டியை ஓரம் கட்டித் தூங்கப் போகும்போது அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். கொஞ்ச நேரத்தில் ஆபீசிலிருந்து போன்: 'கேமரா மறைஞ்சிருக்குன்னு வருது, என்ன பண்றீங்க?' தூங்குகிறேன் என்று விளக்கம் சொல்லிவிட்டு, துண்டை எடுத்துவிட்டு, கேமரா பார்த்துக்கொண்டிருக்கப் படுத்தார். இன்னொரு தடவை, குறுக்கே வந்த மாட்டுக்காக அழுத்திப் பிடித்த பிரேக், 'முரட்டு ஓட்டம்' என்று கணக்கில் ஏறிப் பேட்டாவில் கை வைத்தார்கள். மாட்டையும் அதே கேமரா பார்த்திருக்கும். அந்த வீடியோவை அவருக்குக் காட்டச் சொன்னதற்கு, அதெல்லாம் சிஸ்டத்தில் இருக்கிறது என்று பதில் வந்ததாம்.

அவர் தூக்கக் கலக்க எச்சரிக்கைக்கு எதிரி இல்லை. பீப் சத்தம் தன்னை ஒரு முறை காப்பாற்றியிருக்கிறது என்று அவரே சொல்கிறார். அந்தச் சத்தம் தனக்குக் கேட்டால் போதாதா, ஆபீசுக்கு எதற்கு என்பதுதான் அவர் கேள்வி. எச்சரிக்கை வந்ததற்குப் பேட்டாவைப் பிடித்தால், அடுத்த டிரிப்பில் ஓட்டுநர் ஓய்வெடுப்பார் என்று நினைக்கிறீர்களா? கேமராவை ஏமாற்றத்தான் வழி தேடுவார். கருப்புக் கண்ணாடி போடுவார், கேமரா கோணத்தை லேசாகத் திருப்பி வைப்பார். பாதுகாப்புக் கருவியை ஓட்டுநர் நம்ப வேண்டும் என்றால் அது அவர் பக்கம் நிற்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் விதி தேவைப்படுகிறது. தொழிற்சாலையில் பொருத்தும் கருவிக்குத் தரநிலை உண்டு, பரிசோதனை உண்டு. கடையில் வாங்கி ஒட்டும் கேமராவுக்கு யார் தரம் பார்க்கிறார்கள்? வணிக வாகனத்தின் கேபினுக்குள் ஓட்டுநரைப் பார்க்கும் எந்தக் கேமராவும், எங்கே பொருத்தியதானாலும், ஒரே விதிக்குள் வர வேண்டும். வண்டி நின்று இன்ஜின் அணைந்துவிட்டால் உள்பக்கக் கேமராவும் அணைய வேண்டும். விபத்து நடந்தால் அதற்கு முன்னும் பின்னும் சில வினாடிப் பதிவை வைத்துக்கொள்ளட்டும். அது விசாரணைக்கு வேண்டும், ஓட்டுநரைக் காப்பாற்றவும் வேண்டும். அந்தப் பதிவை ஓட்டுநருக்குக் காட்டாமல் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது.

பொது வாகனங்களின் இருப்பிடம் தெரிவது வேறு விஷயம். 2019 ஜனவரி முதல் பதிவாகும் பேருந்து, டாக்சிகளில் ஏஐஎஸ் 140 தரநிலைப்படி இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டும் என்று விதி போட்டீர்கள். தனியாகப் போகும் பெண் பொத்தானை அழுத்தினால் வண்டி எங்கே என்று தெரிந்தாக வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. பேருந்து எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியலாம். ஓட்டுநரின் முகம் ஊருக்கு வேண்டாம்.

பெண்கள் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பற்றி நம் ஊரில் பேச்சே இல்லை. பெரும்பாலான வீடுகளில் காரின் ஆர்சி கணவர் பெயரில் இருக்கிறது, செயலியும் அவர் போனில் இருக்கிறது. மனைவி காரை எடுத்துக்கொண்டு எங்கே போனார், எவ்வளவு நேரம் நின்றார், இன்ஜினை எப்போது அணைத்தார் எல்லாம் அவர் கைக்கு வருகிறது. இணக்கமான வீட்டில் இது வசதி. அடி வாங்கிக்கொண்டு, அம்மா வீட்டுக்கோ வழக்கறிஞரிடமோ போகத் துணிந்த பெண்ணுக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியா 2024இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது: துன்புறுத்துகிறவரின் தொலைதூர அணுகலைத் துண்டிக்கப் பாதிக்கப்பட்டவருக்கு வழி இருக்க வேண்டும். இங்கே குறைந்தபட்சம், வண்டியை இப்போது யாருடைய போன் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது டேஷ்போர்டு திரையில், ஓட்டுகிறவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அதை அங்கேயே அணைக்க ஒரு பொத்தானும் வேண்டும். அணைத்தால் ஏர்பேக் வேலை செய்யாது, வாரண்டி போய்விடும் என்று எந்த நிறுவனமும் மிரட்டக் கூடாது.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர் நிலைமை இன்னும் மோசம். பழைய ஓனர் செயலியிலிருந்து விலகாவிட்டால், காரை விற்று மாதக்கணக்கான பிறகும் அவர் போனில் கார் எங்கே நிற்கிறது என்று தெரியலாம், சில கார்களில் கதவைத் திறக்கவும் முடியலாம். மறுபக்கம், விற்றவரின் போன் எண்களும், வீட்டு முகவரியும் காரின் திரையிலேயே புதியவருக்குக் கிடைக்கும். இதைச் சரிசெய்யப் புது அலுவலகம் எதுவும் தேவையில்லை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஏற்கெனவே இருக்கின்றன. ஆர்டிஓ அலுவலகத்தில் அவற்றைக் கொடுக்கும்போதே, பழைய கணக்கு துண்டிக்கப்பட்டது, சேமித்த தகவல் அழிக்கப்பட்டது என்று நிறுவனத்திடமிருந்து ஒரு சான்றையும் இணைக்க வேண்டும் என்று விதி போடுங்கள். வங்கிக் கடன் பாக்கி இல்லை என்பதற்கு என்ஓசி கேட்கிறோமே, அதோடு இதையும் கேட்கலாம்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதை வைத்துப் பிரீமியம் போடும் திட்டங்களை அனுமதித்தது. மாதம் இரண்டு முறை மட்டும் கார் எடுக்கிறவருக்கு அது நியாயமான சலுகை. அவர் தானாகக் கேட்டு, தனியாக விண்ணப்பித்துச் சேரட்டும். காருக்குள் இருக்கும் சிம் வழியாக அது தானாக நடக்கக் கூடாது.

கடைசியாக, சொல்லக் கடினமான ஒன்று. இந்த விஷயத்தில் நிறுவனங்களிடம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கும்போது, உங்கள் அமைச்சகத்தின் பழைய நடவடிக்கையும் மக்கள் நினைவில் இருக்கிறது. 2019இல் மொத்தத் தரவுப் பகிர்வுக் கொள்கை என்ற பெயரில் வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தகவல்களை அமைச்சகமே விற்றது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வாகன், சாரதி தரவுத் தளங்களை அணுக வழி கொடுத்ததாகவும், அதில் 65 கோடி ரூபாய் வந்ததாகவும் அந்த ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் சொன்ன கணக்கு 111 கோடிக்கு மேல். ஆர்சி எடுக்க வரிசையில் நின்றவர்களிடம், உங்கள் விவரத்தை விற்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் சொன்னது 2017 ஆகஸ்டில். விற்பனைக் கொள்கை வந்தது அதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு. 2020 ஜூனில், தவறாகப் பயன்படக்கூடும் என்ற கவலையில் அதைக் கைவிட்டீர்கள். கைவிட்டது சரியான முடிவு, அதற்கு நன்றி. அந்த முடிவை ஒரு விதியாக்கி, இனி எந்த வாகனத் தகவலையும் அரசு காசுக்கு விற்காது என்று எழுத்தில் கொடுத்தால், நிறுவனங்களிடம் நீங்கள் கேட்கும்போது யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

மோட்டார் வாகன விதியில் திருத்தம் வரும்போது வரைவை அரசிதழில் வெளியிட்டு ஆட்சேபணை கேட்பது வழக்கம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் அந்த அறிவிப்பு, கேமராவுக்கு முன்னால் உட்காரப் போகிறவர் கையில் கிடைப்பதே இல்லை. இந்த முறை வரைவைத் தமிழிலும் மற்ற மொழிகளிலும் வெளியிடுங்கள். கார் நிறுவனங்களின் சங்கத்தை அழைத்துப் பேசும் அதே மேஜைக்கு, நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களையும், டாக்சி ஓட்டும் பெண்களையும், அரசுப் பேருந்து ஓட்டுநர் சங்கங்களையும் அழையுங்கள். நான் மேலே சொன்ன ஓட்டுநர் வரத் தயாராக இருக்கிறார். லோடு இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

இப்படிக்கு,
கார் ஓட்டும் ஒரு குடிமகன்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்